ஆனர்ஸ் வகுப்பும் நம் வீட்டுப் பிள்ளைகளும்

நம் அன்பர்கள் இரண்டு பேர் சந்தித்துக் கொண்டால் இப்போதெல்லாம் பேச்சு பிள்ளைகளின் கல்லூரிப் படிப்பில்தான் போய் நிற்கிறது. "நாலு வருஷ டிகிரி என்கிறார்களே, அது என்ன? மூன்று வருஷத்தோடு நிறுத்தினால் பட்டம் உண்டா, இல்லையா? ஆனர்ஸ் என்றால் எம்.ஏ.வுக்குச் சமமா?" என்று ஆளுக்கொரு கேள்வி. கேரளத்தில் கலை, அறிவியல், வணிகவியல் கல்லூரிகள் எல்லாவற்றிலும் 2024 ஜூலை முதல் நாளன்று நான்காண்டு இளங்கலைப் படிப்பு தொடங்கப்பட்டது. நம் கேரளப் பல்கலைக் கழகம் மட்டுமன்றி மகாத்மா காந்தி, கோழிக்கோடு, கண்ணூர்ப் பல்கலைக் கழகங்களிலும் அதே நாளில் இந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 'ஆனர்ஸ்' என்ற பழைய சொல் அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து மீண்டும் திருவனந்தபுரத்துக் கல்லூரிகளின் வாசலுக்கு வந்திருக்கிறது.

நான் கல்வியாளன் அல்லன். அரசு அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். என் பேத்தி இந்தப் புதிய முறையின் முதல் அணியில் சேர்ந்தபோது அவளோடு உட்கார்ந்து விதிமுறைகளைப் படித்தேன். தெரிந்த ஆசிரியர்களிடம் கேட்டேன். அப்படித் தெரிந்து கொண்டவற்றை நம் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று இங்கே எழுதுகிறேன். இதில் நம் தமிழைப் பற்றிய செய்தியும் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லவே இந்தக் கட்டுரையை எழுத முனைந்தேன் என்றாலும் தவறில்லை.

பழைய ஆனர்ஸ்

முன்காலத்தில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இரண்டாண்டு இண்டர்மீடியட் படிப்பார்கள். அதன் பிறகு இரண்டாண்டு படித்தால் சாதாரண பி.ஏ. பட்டம். அதற்கு 'பாஸ் கோர்ஸ்' என்று பெயர். மூன்றாண்டு ஒரே பாடத்தை ஆழமாகப் படித்தால் பி.ஏ. ஆனர்ஸ். சென்னைப் பல்கலைக் கழகத்தில் ஆனர்ஸ் தேறியவர்கள் சில காலம் கழித்து, மறுபடி தேர்வு எழுதாமலேயே, கட்டணம் செலுத்தி எம்.ஏ. பட்டத்தைப் பெற்றுக் கொள்ளலாம். இது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் வழக்கத்தைப் பார்த்து அமைத்த முறை.

அறிஞர் அண்ணா இந்த வழியில் வந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரமும் அரசியலும் எடுத்து ஆனர்ஸ் படித்து 1934இல் தேறினார். அவர் பெயருக்குப் பின்னால் சுவரொட்டிகளில் 'எம்.ஏ.' என்று போட்டார்களே, அது இப்படி வந்ததுதான்.

இன்னொருவர் விஞ்ஞானி எஸ். சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியலில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் படித்து 1930இல் பட்டம் பெற்றார். பட்டம் வாங்குவதற்கு முன்பே, மாணவராக இருந்தபோதே, அவருடைய ஆய்வுக் கட்டுரைகள் அச்சில் வந்துவிட்டன. அவற்றுள் ஒன்று 1929இல் லண்டன் ராயல் சொசைட்டியின் வெளியீட்டில் வந்தது. 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததை நாம் அறிவோம். பட்டப்படிப்பு மாணவனுக்கும் ஆராய்ச்சி சாத்தியம் என்பதற்கு அவரைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1950களின் பிற்பகுதியில் இண்டர்மீடியட் போய் ஓராண்டு பி.யூ.சி. வந்தது. பட்டப்படிப்பு எல்லோருக்கும் பொதுவாக மூன்றாண்டு ஆயிற்று. இந்த மாற்றத்தோடு தென்னாட்டில் ஆனர்ஸ் வகுப்புகள் படிப்படியாக மறைந்தன. ஆனால் டில்லி, கல்கத்தா போன்ற வடநாட்டுப் பல்கலைக் கழகங்களில் மூன்றாண்டு ஆனர்ஸ் தொடர்ந்து நடந்தது.

நம் ஊரில்

திருவனந்தபுரத்தில் கல்லூரி என்றால் நம் பெரியவர்களுக்குப் பாளையத்தில் உள்ள இன்றைய யூனிவர்சிட்டி கல்லூரிதான். 1834இல் ராஜாவின் இலவசப் பள்ளியாகத் தொடங்கி, 1866இல் கல்லூரியாகி, மகாராஜாஸ் காலேஜ் என்று பெயர் பெற்றது. 1937இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகம் ஏற்படும் வரையில் அது சென்னைப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்திருந்தது. திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகமே 1957இல் கேரளப் பல்கலைக் கழகம் ஆயிற்று.

அந்தக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்தவர் ஆலப்புழையில் பிறந்த பெ. சுந்தரம் பிள்ளை. 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டவர். அதன் தொடக்க வணக்கத்தின் ஒரு பகுதிதான் 1970 முதல் தமிழ்நாட்டில் தமிழ்த்தாய் வாழ்த்தாகப் பாடப்படுகிறது. தமக்குத் தத்துவம் கற்பித்த ஹார்வி என்ற பேராசிரியருக்கே நாடகத்தை உரிமையாக்கினார். பேரூர்க்கடையில் தாம் கட்டிய வீட்டுக்கும் ஹார்விபுரம் என்று பெயரிட்டார். ஒரு நல்ல வகுப்பறை மாணவனுக்குள் என்ன விதைத்துவிடும் என்பதற்கு இந்த நன்றியே சாட்சி.

பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய கே. ஆர். நாராயணன், திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் ஆனர்ஸ் படித்து 1943இல் முதலிடம் பெற்றுத் தேறியவர். ஏழ்மையான தலித் குடும்பத்தில் பிறந்து, கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் திண்டாடி வளர்ந்தவர். பிறகு டாட்டா உதவித் தொகையில் லண்டன் பொருளியல் கல்லூரிக்குச் சென்றார். பசுமைப் புரட்சியின் தந்தை எம். எஸ். சுவாமிநாதன் கும்பகோணத்துக்காரர் ஆயினும், விலங்கியல் பட்டப்படிப்பை இதே திருவனந்தபுரத்தில்தான் முடித்தார். வங்காளத்துப் பஞ்சம் அவர் மனத்தை உலுக்க, அதன் பின் கோவை வேளாண்மைக் கல்லூரிக்குப் போனார்.

1956 நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேரும் வரையில் நாஞ்சில் நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதுதான் தலைநகரம், இதுதான் பல்கலைக் கழகம். என் பெரியப்பா ஒருவர் நாகர்கோவிலிலிருந்து பெட்டியும் படுக்கையுமாக பஸ் ஏறி வந்து, கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டுத் திண்ணை அறையில் தங்கி ஆனர்ஸ் படித்தவர். ஊரில் அவர் வீட்டு வாசலில் பெயர்ப் பலகையில் 'பி.ஏ. (ஆனர்ஸ்)' என்று எழுதியிருக்கும். அந்த அடைப்புக்குறியைத்தான் சிறுவர்கள் நாங்கள் வியப்போடு பார்ப்போம். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர்தான், பேராசிரியருக்கு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரியும், வாரம் ஒரு கட்டுரை எழுதிக் காட்ட வேண்டும் என்று அவர் சொல்வார். ஆனர்ஸின் உயிர் அந்தச் சிறிய வகுப்பில்தான் இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அயல்நாடுகளிலும் இப்படித்தான். அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பலவற்றில் பெரிய பல்கலைக் கழகத்துக்குள்ளேயே ஆனர்ஸ் மாணவர்களுக்கென்று சிறிய வகுப்புகளைத் தனியே நடத்துகிறார்கள். சொற்பொழிவைக் கேட்டுக் குறிப்பெடுப்பதோடு நிற்காமல் விவாதிக்க வேண்டும், கடைசி ஆண்டில் ஆய்வேடு ஒன்று எழுத வேண்டும். ஸ்காட்லாந்தில் ஆனர்ஸ் நான்காண்டு. இலங்கையில் மூன்றாண்டு பொதுப் பட்டம், நான்காண்டு சிறப்புப் பட்டம் என்று இரண்டு உண்டு. அந்தச் சிறப்புப் பட்டத்தைத்தான் இப்போது அங்கேயும் ஆனர்ஸ் என்கிறார்கள்.

புதிய ஏற்பாடு எப்படி?

2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கை நான்காண்டு பட்டப்படிப்பை முன்வைத்தது. பல்கலைக் கழக மானியக் குழு 2022 டிசம்பரில் அதற்கான பாடத்திட்டச் சட்டகத்தை வெளியிட்டது. தேசியக் கொள்கையின் பல பகுதிகளில் கேரள அரசுக்கு உடன்பாடு இல்லை. எனினும் பேராசிரியர் ஷியாம் பி. மேனன் தலைமையில் அமைந்த உயர்கல்விச் சீர்திருத்தக் குழு நான்காண்டுப் படிப்பைப் பரிந்துரைத்தது. அதையொட்டிக் கேரளம் தனக்கென்று ஒரு சட்டகம் வகுத்துக் கொண்டது.

இதில் எல்லாம் 'கிரெடிட்' கணக்கு. ஒரு செமஸ்டரில் 15 மணி நேர வகுப்பு நடந்தால் ஒரு கிரெடிட் என்று வைத்துக் கொள்ளலாம். செய்முறை என்றால் 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். கேரள முறையில் மூன்றாண்டில் 133 கிரெடிட் சேர்த்தால் பட்டம். நான்காண்டில் 177 சேர்த்தால் ஆனர்ஸ் பட்டம். ஆக நான்காம் ஆண்டின் மதிப்பு 44 கிரெடிட்.

மூன்றாண்டோடு நிறுத்திக் கொள்ளும் பிள்ளைக்குப் பட்டம் உண்டு. இதில் யாருக்கும் ஐயம் வேண்டாம். நான்காம் ஆண்டு விரும்பியவர்களுக்கு மட்டும். அந்த நான்காம் ஆண்டிலும் இரண்டு வகை. ஒன்று 'ஆனர்ஸ்'. மற்றொன்று 'ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ்'. முதல் ஆறு செமஸ்டர்களில் 75 விழுக்காடு பெற்றவர்களுக்கே இரண்டாவது வகை. அவர்கள் ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் ஆய்வேடு எழுத வேண்டும். ஆராய்ச்சிக்கு வழிகாட்டத் தகுதி பெற்ற ஆசிரியர்கள் இருக்கும் துறையில்தான் இதை நடத்த முடியும்.

பாடங்களின் அமைப்பும் மாறிவிட்டது. மாணவர் ஒரு முதன்மைப் பாடத்தை எடுக்கிறார். அதற்கு 'மேஜர்' என்று பெயர். அதோடு தமக்கு விருப்பமான வேறு பாடத்தைத் துணைப் பாடமாக, 'மைனர்' ஆக எடுக்கலாம். இயற்பியல் மாணவி இசையோ பொருளாதாரமோ தமிழோ எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. ஆனால் அந்தக் கல்லூரியில் அந்தத் துறை இருக்க வேண்டும், நேர அட்டவணை ஒத்து வர வேண்டும். இவற்றோடு மொழிப் பாடம், பல்துறைப் பாடம், திறன் பாடம், பண்புப் பாடம், சில வாரப் பணிப் பயிற்சி ஆகியவையும் உண்டு.

2024இல் சேர்ந்த முதல் அணியினர் 2027இல் மூன்றாண்டுப் பட்டத்துக்கும், 2028இல் ஆனர்ஸ் பட்டத்துக்கும் உரியவர்கள். எனவே முன்னே போனவர்களைப் பார்த்து நடக்கலாம் என்றால் முன்னே யாரும் போகவில்லை. நம் பிள்ளைகளே முன்னே போகிறவர்கள்.

நான்காம் ஆண்டு யாருக்கு?

சாலைக் கடைத்தெருவில் மளிகை வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர், மகள் பி.காம். படிக்கிறாள், என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, மூணு வருஷம் படிச்சாலும் டிகிரி, நாலு வருஷம் படிச்சாலும் டிகிரி. பின்ன அந்த ஒரு வருஷத்துக்கு நான் எதுக்குப் பணம் கெட்டணும்?"

நியாயமான கேள்வி. கணக்குப் பார்த்தவன் என்ற முறையில் அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

வங்கித் தேர்வு, பி.எஸ்.சி. தேர்வு, மத்தியத் தேர்வாணையத்தின் சிவில் சர்வீஸ் தேர்வு ஆகியவற்றில் பட்டம் வேண்டும் என்று கேட்கும் பதவிகளுக்கு மூன்றாண்டுப் பட்டம் போதும். குடும்பத்துக்கு உடனே வருமானம் வேண்டும், பிள்ளை வேலைக்குப் போகத் துடிக்கிறது என்றால் நான்காம் ஆண்டு கட்டாயம் இல்லை.

முதுகலை படிக்க எண்ணுபவர்களுக்குக் கணக்கு வேறு. முன்பு மூன்றும் இரண்டும் ஐந்து. இப்போது நான்கும் ஒன்றும் ஐந்து. நான்காண்டு ஆனர்ஸ் முடித்தவர்கள் ஓராண்டில் முதுகலை முடிக்கலாம் என்பது மானியக் குழுவின் ஏற்பாடு. ஆகவே மொத்தக் காலத்தில் இழப்பில்லை. ஆனால் அவர்கள் சேரப் போகும் பல்கலைக் கழகம் ஓராண்டு முதுகலையை நடத்த வேண்டும். இதுதான் முடிச்சு. நம் குடும்பங்களில் பலர் மேற்படிப்புக்குப் பிள்ளைகளை நாகர்கோவில், திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று அனுப்புகிறோம். தமிழ்நாட்டின் அரசுப் பல்கலைக் கழகங்களைச் சேர்ந்த கலை, அறிவியல் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டமும் இரண்டாண்டு முதுகலையுமே வழக்கம். இங்கே நான்காண்டு படித்துவிட்டு அங்கே போய் இரண்டாண்டு படித்தால் ஆறாண்டு ஆகிவிடும். எனவே எங்கே மேற்படிப்பு என்பதை ஓரளவு முடிவு செய்து கொண்டே நான்காம் ஆண்டைப் பற்றி முடிவு செய்ய வேண்டும்.

ஆராய்ச்சியில் நாட்டமுள்ள பிள்ளைக்கு நான்காம் ஆண்டு பெரிய வாய்ப்பு. நான்காண்டுப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்கள் முதுகலை இல்லாமலேயே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று மானியக் குழு 2022இல் விதி செய்தது. 2024 முதல் நெட் தேர்வையும் அவர்கள் எழுதலாம். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் முதலிய பிரிவினருக்கு மதிப்பெண்ணில் சலுகை உண்டு.

வெளிநாடு போக எண்ணுபவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்கப் பல்கலைக் கழகங்கள் பல, முதுகலைக்கு வருபவர்கள் 16 ஆண்டு படித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கின்றன. பள்ளியில் 12, கல்லூரியில் 3 என்றால் 15தான். அதனால்தான் நம்மவர்கள் இங்கே எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு அங்கே போய் மறுபடியும் எம்.எஸ். படித்தார்கள். நான்காண்டுப் பட்டம் அந்த ஒரு வருஷக் குறையைத் தீர்க்கிறது.

எச்சரிக்கையும் ஒன்று சொல்ல வேண்டும். டில்லிப் பல்கலைக் கழகத்தில் 2013இல் நான்காண்டுப் படிப்பைத் தொடங்கி, எதிர்ப்பு எழுந்ததால் 2014இல் கைவிட்டார்கள். அந்த ஓர் அணி மாணவர்கள் நடுவழியில் பட்ட குழப்பம் பெரிது. பிறகு 2022இல் மீண்டும் தொடங்கினார்கள். ஏட்டில் உள்ள திட்டம் எவ்வளவு அழகாக இருந்தாலும், நடத்துவதற்கு ஆசிரியர், ஆய்வுக்கூடம், நூலகம் எல்லாம் வேண்டும். அறுபது பேர் உட்காரும் வகுப்பில் ஆனர்ஸ் என்று பெயர்ப் பலகை மாட்டினால் அது ஆனர்ஸ் ஆகிவிடாது.

தமிழுக்கு என்ன இடம்?

இனித்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

திருவனந்தபுரத்தில் கல்லூரித் தமிழுக்கு நீண்ட வரலாறு உண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் 1944இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக் கழகத்தில் தமிழ்த்துறை ஏற்பட்டது. சென்னையில் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்த எஸ். வையாபுரிப் பிள்ளை 1951 முதல் 1954 வரை இங்கே தமிழ்ப் பேராசிரியராக இருந்தார். அவருக்குப் பின் வந்த வ. அய். சுப்பிரமணியம், நாகர்கோவில் வடசேரிக்காரர், தமிழ்த்துறையை வளர்த்ததோடு 1963இல் மொழியியல் துறையையும் தொடங்கினார். பல்லாண்டு இங்கே உழைத்து, 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக் கழகத்தின் முதல் துணைவேந்தராகச் சென்றார். இன்றும் காரியவட்டத்தில் பல்கலைக் கழகத் தமிழ்த்துறை உண்டு. யூனிவர்சிட்டி கல்லூரியிலும் தமிழ்த்துறை உண்டு.

இந்தத் துறைகள் நிலைப்பதும் நிலைக்காததும் இனி நம் பிள்ளைகளின் கையில் இருக்கிறது. காரணம் எளிது. புதிய முறையில் மாணவர் தேர்ந்தெடுத்தால்தான் பாடம் நடக்கும். பாடம் நடந்தால்தான் ஆசிரியருக்கு வேலை நேரம் உண்டு. வேலை நேரம் கணக்கில் இருந்தால்தான், ஒருவர் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு இன்னொருவரை நியமிப்பார்கள். மொழிப் பாடங்களுக்கு முன்பிருந்த நேரம் புதிய திட்டத்தில் குறைந்துவிட்டது என்று எல்லா மொழியாசிரியர்களுமே குறைப்படுகிறார்கள். மலையாளத்துக்கும் இந்திக்கும் மாணவர் கூட்டம் இருக்கிறது. தமிழுக்கு? நம் வீட்டுப் பிள்ளைகள்தான் இருக்கிறார்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும். பாட்டியிடம் உட்கார்ந்து தமிழ் எழுத்துப் படித்தவள். கல்லூரியில் தமிழ் எடுக்க ஆசைப்பட்டாள். அவளுக்கு இடம் கிடைத்த கல்லூரியில் தமிழ் இல்லை. "கேட்கிறதுக்கு ஆளே இல்லையே, தாத்தா. நான் ஒருத்திதான் கேட்டேன்" என்று என்னிடம் சொன்னாள். அந்தப் பெண் இப்போது வேறு மொழி எடுத்துப் படிக்கிறாள். ஒருத்தி கேட்டால் விண்ணப்பம். இருபது பேர் கேட்டால் வகுப்பு. இதை நாம் மனத்தில் வைக்க வேண்டும்.

"தமிழ் எடுத்தால் மதிப்பெண் குறையுமே" என்று சில பெற்றோர் அஞ்சுகிறார்கள். தமிழ் எழுத்தே தெரியாத பிள்ளைக்கு அந்த அச்சம் நியாயம்தான். அதற்கு மருந்து பிளஸ் டூ முடித்த பிறகு கிடைக்காது. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பிலேயே விடுமுறையில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். மலையாளம் எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து கைவர நெடுநாள் ஆகாது. எழுத்துகள் பலவும் முகம் தெரிந்தவை. எண்ணிக்கையும் குறைவு.

ஆய்வுப் பொருள் வாசலிலேயே இருக்கிறது

நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுத வேண்டும் என்றதும் பிள்ளைகள் மலைக்கிறார்கள். எதைப் பற்றி எழுதுவது? திருவனந்தபுரத்துத் தமிழ் மாணவர்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம். வேறு ஊரில் கிடைக்காத பொருள் இங்கே கொட்டிக் கிடக்கிறது.

சுந்தரம் பிள்ளை தத்துவம் கற்பித்தவர். ஆனால் ஓய்வு நேரத்தில் ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுகளைப் படித்துத் திருவிதாங்கூரின் பழைய அரசர்களைப் பற்றி 1894இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். அவர் படித்தவற்றில் பல, வட்டெழுத்தில் அமைந்த தமிழ்க் கல்வெட்டுகள். பின்னர் து. அ. கோபிநாத ராவ் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையைத் தொடங்கி அத்தகைய கல்வெட்டுகள் பலவற்றை அச்சிட்டார். அவை இன்றும் நூலகங்களில் இருக்கின்றன. வரலாறு படிக்கும் நம் பிள்ளைக்குத் தமிழும் தெரிந்திருந்தால், அவற்றை மூலத்தில் படிக்கும் வசதி மற்றவர்களைவிட அவனுக்கு அதிகம்.

காரியவட்டத்தில் பல்கலைக் கழகத்தின் சுவடி நூலகத்தில் பல்லாயிரம் ஓலைச் சுவடிகள் உள்ளன. அவற்றில் தமிழ்ச் சுவடிகளும் உண்டு. கோட்டைப் பகுதியில் உள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் பத்மநாபசுவாமி கோயிலைச் சார்ந்த மதிலகம் ஓலைகள் இருக்கின்றன. 2022 டிசம்பரில் அங்கே ஓலைச்சுவடி அருங்காட்சியகம் ஒன்றும் திறக்கப்பட்டது. வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை, பழந்தமிழ் எல்லாவற்றையும் அங்கே ஒரே இடத்தில் பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போவதற்குப் பதிலாகக் குழந்தைகளை அங்கே அழைத்துப் போகலாமே!

இலக்கியம் படிக்கும் பிள்ளைகளுக்கு? சாலைக் கடைத்தெருவிலேயே கடை வைத்திருந்து அந்தத் தெருவின் மனிதர்களை எழுதிய ஆ. மாதவன், 2015இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர், 2021இல் மறைந்தார். இரணியல் செட்டிமார் பேச்சு வழக்கை அப்படியே 'தலைமுறைகள்' நாவலில் பதிவு செய்த நீல பத்மநாபன், 2007இல் அதே விருது பெற்றவர். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த டி. கே. துரைசுவாமிதான் 'நகுலன்' என்ற பெயரில் எழுதியவர். மூவரும் நம் ஊர்க்காரர்கள். இவர்கள் நடந்த தெருக்களில் நம் பிள்ளைகள் இன்று பைக்கில் போகிறார்கள்.

வணிகவியல் மாணவிக்கும் இடமுண்டு. ராஜா கேசவதாஸ் காலத்தில் உருவான சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வணிகர்கள் வைத்திருந்த கணக்கு முறை என்ன, கடன் முறை என்ன, சரக்கு எந்த வழியாக வந்தது என்று வயதானவர்களிடம் கேட்டு எழுதினாலே நல்லதோர் ஆய்வேடு ஆகும். சாலை நண்பரின் மகளுக்கு அவள் அப்பாவின் கல்லாப் பெட்டியே ஆய்வுக்கூடம்! இதை அவரிடம் சொன்னபோது முதலில் சிரித்தார். பிறகு, "எங்க தாத்தா எழுதின பேரேடு மச்சிலே கெடக்கு, அண்ணாச்சி. தூக்கிப் போடலாம்னு நெனச்சேன்" என்றார். தூக்கிப் போட வேண்டாம் என்று கேட்டுக் கொண்டிருக்கிறேன்.

மொழியியல் மாணவர்கள் நம் வீட்டுச் சமையலறைப் பேச்சையே ஆராயலாம். பாட்டி பேசும் தமிழ், அம்மா பேசும் தமிழ், பேத்தி பேசும் தமிழ் மூன்றும் மூன்று விதம். எந்தச் சொல் எப்போது மலையாளத்துக்கு இடம் விட்டது என்று பார்த்தால் ஒரு குடும்பத்தின் வரலாறே தெரிந்துவிடும். இதற்கெல்லாம் காலம் கடந்துவிடக் கூடாது. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

பெற்றோர் கவனத்துக்கு

சேர்க்கை நேரத்தில் நாம் கேட்டுத் தெரிந்து கொள்ள வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தொகுத்துத் தருகிறேன்.

1. பிள்ளை எடுக்கும் முதன்மைப் பாடத்துக்கு அந்தக் கல்லூரியில் நான்காம் ஆண்டு உண்டா? ஆய்வுடன் கூடிய ஆனர்ஸ் உண்டா? வழிகாட்டும் தகுதி பெற்ற ஆசிரியர்கள் எத்தனை பேர்?

2. எந்தெந்தத் துணைப் பாடங்கள் உண்மையில் நடக்கின்றன? அச்சிட்ட பட்டியலை மட்டும் பார்க்க வேண்டாம். முந்தின ஆண்டு மாணவர்களைக் கேளுங்கள்.

3. மொழிப் பாடங்களில் தமிழ் உண்டா? இல்லையென்றால் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

4. ஆய்வு ஆனர்ஸுக்கு 75 விழுக்காடு என்பது ஆறு செமஸ்டருக்கும் சேர்த்து. முதல் செமஸ்டரில் விளையாட்டாக இருந்துவிட்டு ஆறாவதில் விழித்துக் கொண்டால் ஈடு கட்டுவது கடினம். இதைப் பிள்ளைகளுக்குச் சேர்ந்த மாதமே சொல்லிவிடுங்கள்.

5. மேற்படிப்பு எங்கே என்று உத்தேசமாக முடிவு செய்து, அங்கே ஓராண்டு முதுகலை உண்டா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

6. கல்வி உதவித் தொகை பெறும் பிள்ளைகள், நான்காம் ஆண்டுக்கும் அது தொடருமா என்று அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

நம் சங்கமும் இதில் செய்யக் கூடியது உண்டு. பிளஸ் டூ தேர்வு முடிந்ததும், தமிழ் எடுக்க விரும்பும் பிள்ளைகளின் பெயர்களைத் தொகுத்து ஒரே விண்ணப்பமாகக் கல்லூரிகளுக்குக் கொடுக்கலாம். கோடை விடுமுறையில் எழுத்து வகுப்பு நடத்தலாம். நம்மிடையே ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்குக் குறைவில்லை. ஆய்வேடு எழுதும் மாணவர்களுக்குப் பழைய மலர்கள், பழைய கடிதங்கள், வணிகர் வீட்டுப் பேரேடுகள் ஆகியவற்றைத் தேடித் தரலாம். சிறந்த ஆய்வேட்டின் சுருக்கத்தை ஆண்டுதோறும் நம் மலரில் வெளியிடலாம். இதற்குப் பெரும் பணம் வேண்டாம். நாலு பேர் முன்வந்தால் போதும்.

நம் முன்னோர் இந்த ஊருக்குத் தராசையும் பேனாவையும் இசைக் கருவியையும் எடுத்துக் கொண்டு வந்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இங்கே படித்தார்கள், உயர்ந்தார்கள். இப்போது வந்திருக்கும் ஏற்பாட்டில் குறைகளும் உண்டு, நிறைகளும் உண்டு. மலையாள நாட்டில் வளரும் பிள்ளை தனக்குப் பிடித்த பாடத்தோடு தன் தாய்மொழியையும் சேர்த்துப் படிக்க விதியில் ஒரு கதவு திறந்திருக்கிறது. அடுத்த சேர்க்கை வருவதற்குள், உங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ படிக்கும் பிள்ளையிடம் இதைப் பற்றி ஒரு மாலைப் பொழுது பேசுங்கள். தமிழ் எடுக்க விரும்பும் பிள்ளையின் பெயரைச் சங்கச் செயலாளரிடம் கொடுங்கள். இருபது பெயர்கள் சேர வேண்டும். முதல் பெயரை எங்கள் தெருவிலிருந்து நான் தேடித் தருகிறேன்.